ஆவுடைச்செல்வியின் மங்கல்

மதுரையிலிருந்து கோவில்பட்டி வழியாகக் கடம்பன்குளம் போகிற பஸ்ஸில், கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அம்மாவின் தோளில் சாய்ந்து வந்த ஆவுடைச்செல்வியின் பின்னாலேயே, அவள் கண்ணிலிருந்து எடுத்துப்போட்ட மங்கலும் டிக்கெட் வாங்காமல் ஏறி வந்தது. சாத்தூர் தாண்டுகிறவரை அது கடைசி சீட்டில் சும்மா கிடந்தது. அதன் பிறகு மெல்ல மெல்ல முன்னால் நகர்ந்து, வெள்ளரிப்பிஞ்சுக் கூடைகள் மேலும் தூங்கி விழுகிறவர்கள் மேலும் படர்ந்து, கண்டக்டர் தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கழற்றித் துடைக்கவும், டிரைவர் சித்திரை மாத வெயிலில் வைப்பரைப் போட்டுப் பார்க்கவும், ஒருவரை ஒருவர் முறைத்துக்கொள்ளவும் ஆகிவிட்டது. கரிசல்காட்டில் மழையே விருந்தாளி மாதிரி எப்போதாவது வந்து கை நனைத்துவிட்டுப் போகும். அந்தப் பக்கம் போய்ப் பனிமூட்டம் என்று சொன்னால் சொன்னவனைத்தான் வைத்தியரிடம் கூட்டிப்போவார்கள். செல்வியின் அம்மா ராமலட்சுமிக்கு மட்டும் அது என்னவென்று பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. பெற்றவளுக்குத் தெரியாதா.

"திரும்பிப் பாக்காதட்டி," என்றாள் மகளின் காதில். "நம்மளுது இல்லைங்கிற மாதிரி உக்காரு. தானாப் போயிரும்."

செல்வி அப்படியே உட்கார்ந்தாள். அவளுக்கு அது புதிது இல்லை. தன்னுடையதைத் தன்னுடையது இல்லை என்பதுபோல் வைத்துக்கொண்டு உட்காருவதை அவள் அதற்கு முந்தின தை மாதமே ஒருமுறை செய்திருந்தாள்.

அந்தத் தை மாதத்தில்தான் சிவகிரியிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். மூன்றாம் வகுப்பில் கரும்பலகையை எழுந்துபோய் மூக்கால் தடவிப் படித்த நாளிலிருந்து செல்வி சோடாப்புட்டி போட்டவள். பி.காம். படித்ததும், மருந்துக்கடையில் பில் போட்டதும், தண்ணீர்த்தொட்டித் தெருவில் குடம் தூக்கியதும் எல்லாம் அந்தக் கண்ணாடியோடுதான். ஆனால் பெண் பார்க்க வந்த அன்றைக்கு ராமலட்சுமி அதைக் கழற்றி அரிசிப் பானைக்குள் புதைத்துவிட்டாள். செல்விக்கு முன்னால் இருந்த கூடம் முழுக்க நனைந்த காகிதம்போல் ஊறிப் போயிருந்தது. மாப்பிள்ளை எது, மர நாற்காலி எது என்று பிடிபடாமல், நிமிர்ந்தால் தப்பான ஆளைப் பார்த்துவிடுவோமே என்று பயந்து, தலையைக் குனிந்தவள் குனிந்தவள்தான். முதல் காபியைக் கார் டிரைவருக்குக் கொடுத்தாள். இரண்டாவதைத் தரகருக்குக் கொடுத்தாள். எல்லோருக்கும் கொடுத்து, மிஞ்சின ஒரு டம்ளர் எந்தக் கை வாங்கியதோ அந்தக் கைதான் மாப்பிள்ளை சொர்ணராஜுடையது.

மாப்பிள்ளையின் அம்மா சுப்புத்தாய் அங்கேயே மயங்கிவிட்டாள். "நேரா மாப்பிள்ளைகிட்டப் போய் நீட்டாம, வந்தவங்க போனவங்களை எல்லாம் கவனிச்சிட்டுல்ல கடைசியா அவன்கிட்டப் போச்சு. தலை நிமிந்துச்சா பாத்தீகளா? இந்தக் காலத்துல இப்படி ஒரு அடக்கமா!" என்று சொல்லிச் சொல்லி மாய்ந்து போனாள். "மாப்பிள்ளையை நல்லாப் பாத்துக்கோ தாயி," என்று சொன்னதற்கு, வெள்ளைச் சட்டைக்கு மேலே பழுப்பாக ஒரு தீற்றல் தவிர வேறொன்றும் பார்த்திராத செல்வி, "பாத்துட்டேன்," என்று சொன்னாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் சன்னலில் நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. ஒரு பொண்ணு வாழ்க்கை என்றால் அந்தத் தெருவில் எல்லோர் வாயும் ஒரே வாய்.

ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கல்யாணத்தைப் பண்ணு என்பார்கள். ராமலட்சுமி தான் சொன்னது ஒரே ஒரு பொய் என்றும், மிச்சம் தொள்ளாயிரத்துச் சொச்சம் இன்னும் கையிருப்பில் இருக்கிறது என்றும் தைரியமாகத்தான் இருந்தாள். ஆனால் அந்த ஒரு பொய்யைச் சிவகிரியில் போய் ஆயுள் முழுக்கக் காப்பாற்ற வேண்டுமே; கண்ணாடி இல்லாமல் அடுப்பு எது, அத்தை எது என்று தெரியாதே. அதனால் வைகாசிக் கல்யாணத்துக்கு முன்னால், பொய்யை உண்மையாக்கிவிடலாம் என்று முடிவு செய்து, அழகர்கோவிலுக்கு நேர்த்திக்கடன் என்று சிவகிரிக்குச் சொல்லிவிட்டு, மதுரையில் ஒரு கண் ஆஸ்பத்திரிக்கு மகளைக் கூட்டிப் போனாள்.

அங்கே இருந்த டாக்டர் பொறுமைசாலி. ஒரு பிளாஸ்டிக் கண்ணைக் கழற்றி மேசையில் வைத்துக்கொண்டு, காய்கறி நறுக்கச் சொல்லித் தருகிறவர் மாதிரி விளக்கினார்.

"நாலஞ்சு வழி இருக்கும்மா. கருவிழிக்கு மேல மெல்லிசா ஒரு மடல் வெட்டித் தூக்கி, உள்ள லேசரால செதுக்கி, மடலைத் திருப்பி மூடிடலாம். மடலே வேண்டாம்னா மேல்தோலை மட்டும் நீவி எடுத்துட்டு லேசர் வைக்கலாம். ஆறுறதுக்கு நாளாகும், கொஞ்சம் எரியும். இன்னொண்ணு, லேசரால உள்ளுக்குள்ளயே வட்டமா ஒரு துணுக்கை அறுத்து, சின்னக் கீறல் வழியா உருவி எடுத்துடறது. கருவிழி ரொம்ப மெல்லிசா இருந்தா இதெல்லாம் தொடமாட்டோம், உள்ள ஒரு லென்ஸை வச்சு விட்டுடுவோம்."

ராமலட்சுமி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "இதுல எதுல சார் வெளிய தெரியாது?" என்று கேட்டாள்.

"எதுலயுமே வெளிய தெரியாதும்மா. பொண்ணுக்கு எது பொருந்தும்னு அளந்து பார்த்துத்தான் சொல்லணும்."

அளந்தார்கள். பவர் மாறாமல் நிற்கிறதா என்று பழைய சீட்டுகளைப் பார்த்தார்கள். துணுக்கை உருவுகிற வழிதான் அவளுக்கு என்று சொன்னார்கள். "கொஞ்ச நாளைக்குக் கண்ணு உலர்ந்த மாதிரி இருக்கும், ராத்திரி விளக்கைச் சுத்தி வளையம் தெரியும், பயப்படாதீங்க," என்றார் டாக்டர். எழுந்திருக்கும்போது செல்விதான் கேட்டாள்: "எடுத்த துணுக்கை என்ன செய்வீங்க சார்?"

"அது இத்தினியூண்டும்மா. துடைச்சுப் போட்டுடுவோம்."

அவர் மேல் ஒரு குற்றமும் சொல்ல முடியாது. துடைத்துத்தான் போட்டார். அது தானாக எழுந்து, ஆஸ்பத்திரிப் படியிறங்கி, பஸ் நிலையத்தில் இத்தனை பஸ்களுக்கு நடுவில் கடம்பன்குளம் பஸ்ஸைக் கண்டுபிடித்து ஏறியதற்கு அவர் என்ன செய்வார்.

மறுநாள் விடிந்தபோது அது செல்வியின் வாசலில், எதிரே இருந்த தெருக்குழாயையும் சேர்த்து மூடிக்கொண்டு, கூரை உயரத்துக்கு நின்றது. தொட்டால் ஈரமில்லை, மோந்தால் வாசனையில்லை, குளிரவுமில்லை. ஆனால் அதற்குள் போனவர்கள், ஆணோ பெண்ணோ ஆடோ, முன்பு செல்வி கண்ணாடியைக் கழற்றினால் அவளுக்கு எப்படித் தெரிவார்களோ அப்படித்தான் மற்றவர்களுக்குத் தெரிந்தார்கள். நிறம் தெரியும், அசைவு தெரியும். கொஞ்சம் உள்ளே தள்ளிப் போனால் அதுவும் கரைந்து வெள்ளையாகிவிடும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தவர்கள் உண்டு, தெருவையே அடைத்துக்கொண்டு நிற்கிற மங்கலை எந்தச் சோற்றில் மறைப்பது. ராமலட்சுமி விளக்குமாற்றால் தள்ளிப் பார்த்தாள், மிளகாய் சுற்றிப் போட்டாள், சாம்பிராணி போட்டாள். சாம்பிராணிப் புகைதான் கலைந்தது. கொசுமருந்து அடிக்கிற பேரூராட்சி ஆட்கள் வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்து, இது தங்கள் வேலையில் சேராது என்று சொல்லி டீ குடித்துவிட்டுப் போனார்கள்.

செல்வி அந்த வாரம் முழுக்க வெளியே வரவில்லை. வெட்கம் அவளைப் பிடுங்கித் தின்றது. இத்தனை வருஷம் இரண்டு கண்ணுக்குள் அடக்கமாக இருந்த குறை, இப்போது கூரை உயரத்துக்கு வளர்ந்து, ஊரைக் கூட்டி, இதோ இவளுடையதுதான் நான் என்று வாசலில் நிற்கிறது. தண்ணீர் பிடிக்க வருகிறவர்களின் பேச்சுச் சத்தம் கேட்டாலே உடம்பு கூசியது.

ஆனால் தெருவுக்கு எதுவும் பழகிவிடும். முதல் வாரம் வேடிக்கை பார்த்தார்கள், இரண்டாம் வாரம் சலித்தார்கள், மூன்றாம் வாரம் அதை உபயோகிக்க ஆரம்பித்தார்கள். யார் வரிசையில் முந்தியது என்று தெரியாததால் குழாயடிச் சண்டை நின்றுபோனது. தலைக்குச் சாயம் அடித்து அடித்துச் சலித்துப்போன ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் மங்கலுக்குள் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு முப்பது வயதென்று சாதித்தார். ஒரே வீட்டில் பேசாமலிருந்த அண்ணன் தம்பி அதற்குள் இடித்துக்கொண்டு, யாரென்று தெரியாமல் மன்னிப்புக் கேட்டு, குரலை வைத்து அடையாளம் தெரிந்து அசடு வழிந்தார்கள். அந்தத் தெருவில் வெட்கப்பட ஏதாவது வைத்திருந்தவர்கள் எல்லோரும் ஒருவர் பின் ஒருவராக அங்கே வரத் தொடங்கினார்கள். குடித்துவிட்டு விழுகிறவன் தேடி வந்து அதற்குள் விழுந்தான். மகள் ஓடிப்போனதிலிருந்து விடிவதற்கு முன்னே இருட்டில் வந்து தண்ணீர் பிடித்துக்கொண்டு ஓடுகிற கனகம், இப்போது பகல் பத்து மணிக்குக் குடத்தோடு வந்து, எல்லோரையும்போல் சாவகாசமாக நின்று பிடித்தாள். செல்வியின் கண்ணிலிருந்து வந்தது தெருவுக்கே ஒரு மறைப்பாகிவிட்டது என்று ராமலட்சுமிகூடக் கொஞ்சம் பெருமைப்பட்டாள்.

செல்விக்கு மட்டும்தான் அது மறைக்கவில்லை. அவள் கண்ணிலேயே இத்தனை காலம் குடியிருந்தது அவளுக்கு எதை மறைக்கும். ஆபரேஷன் செய்த கண்ணால் அவள் வேப்பமரத்தை இலை இலையாகப் பார்த்தாள், எதிர்வீட்டுச் சுவரில் எறும்பு போவதைப் பார்த்தாள், அதே தெளிவோடு மங்கலுக்குள் நிற்கிறவர்களையும் பார்த்தாள். கனகம் குடத்தை இறக்கி வைத்துவிட்டு, யாரும் பார்க்கவில்லை என்ற நிம்மதியில், வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்து, சிரித்துச் சிரித்துப் பழகிப் பார்த்து, அந்தச் சிரிப்போடு வெளியே வந்தாள். குடிகாரன் போதை தெளிந்து எழுந்ததும் தன் கன்னத்தில் தானே அறைந்துகொண்டான். மறைந்துகொள்ள வந்தவர்களைச் சன்னல் வழியாக ஒருத்தி பார்த்துக்கொண்டிருப்பது அவர்களுக்குத் தெரியாது. அவள் இதை யாரிடமும் சொல்லவில்லை, அம்மாவிடம்கூட. சன்னலைச் சாத்தினாள். வெளியே போக வேண்டி வந்தால் தலையைக் குனிந்துகொண்டு போனாள். கண் நன்றாகத் தெரிந்த பிறகும் இந்தப் பெண்ணுக்கு எவ்வளவு அடக்கம் என்று தெரு பேசிக்கொண்டது.

கல்யாணத்துக்குச் சில நாட்களே இருக்கும்போது, சொல்லாமல் கொள்ளாமல் சுப்புத்தாய் கூறைப்பட்டை எடுத்துக்கொண்டு காரில் வந்து இறங்கினாள். ரவிக்கை அளவு சரிபார்க்க வேண்டுமாம். இறங்கினவள் வாசலைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள்.

"என்ன மதினி இது, வாசல்ல?"

"அது மங்கல்," என்றாள் ராமலட்சுமி, ஆட்டுக்குட்டி என்று சொல்வதுபோல.

"மங்கலா?"

"கண் ஆபரேஷன் பண்ணுனா இப்படித்தான் சில பேருக்கு வெளிய வந்து நிக்கும் போல."

"யாருக்குப் பண்ணுனாக ஆபரேஷன்?"

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது என்பார்கள். அன்றைக்கு ஊர் வாய் தானாக மூடிக்கொண்டது. குழாயடி வரிசையில் மங்கலுக்கு வெளியே நின்ற அத்தனை பெண்களும் குடத்தைப் பார்த்தார்கள். செல்வி நிலைப்படியில் நின்றாள். ராமலட்சுமியின் கண் அந்த வரிசையைத் துழாவி, அங்கே தடிமனான கண்ணாடியோடு நின்ற பக்கத்து வீட்டுச் சந்தனமாரி மேல் போய் நின்றது. சந்தனமாரி ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கிற பெண். தெருவில் செல்வியை விட்டால் சோடாப்புட்டி போட்டவள் அவள் ஒருத்திதான்.

"இந்தா, இந்தப் பிள்ளைக்குத்தான்," என்றாள் ராமலட்சுமி. "பண்ணுனாக, பாவம், சரியா வரல. கண்ணாடியும் போகல, இதுவும் வந்து சேந்துருச்சு. என்னட்டி சந்தனம், உன்னுதுதான இது?"

"ஆமா, அந்தப் பிள்ளையோடதுதான்," என்றாள் குடம் வைத்திருந்த ஒருத்தி. "அந்தப் பிள்ளையோடதுதான்," என்றாள் இன்னொருத்தி. கனகம்கூடத் தலையை ஆட்டினாள். யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஒரு கல்யாணம் நின்றுவிடக் கூடாது என்றுதான் சொன்னார்கள்.

சந்தனமாரி செல்வியைப் பார்த்தாள். செல்விக்கு அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த ஒவ்வொரு இமைமுடியும் தெரிந்தது. அந்தக் கண் கேட்ட கேள்வியும் தெரிந்தது. செல்வி குனிந்து தன் கால்விரலைப் பார்த்தாள்.

"ஆமா," என்றாள் சந்தனமாரி. "என்னுதுதான்."

சொன்னவள் குடத்தை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு, மங்கலைப் பார்த்து "வா" என்றாள். இத்தனை நாள் விளக்குமாற்றுக்கும் சாம்பிராணிக்கும் அசையாத அது, வேண்டாம் என்றவளை விட்டு, என்னுது என்றவள் பின்னால் எழுந்து போனது. வாசல் பளிச்சென்று வெறித்துக் கிடந்தது. கோலம்கூடத் தெரிந்தது. சுப்புத்தாய் உள்ளே வந்து ரவிக்கை அளவு பார்த்தாள், பலகாரம் சாப்பிட்டாள், "அந்தப் பிள்ளைய இனி எவன் கட்டுவான்?" என்று பரிதாபப்பட்டுவிட்டுப் போனாள். செல்விக்கு அப்போது நிம்மதியாகத்தான் இருந்தது. அப்படி நிம்மதியாக இருந்ததை நினைத்துத்தான் அதன் பிறகு அவளால் ஒரு வாய் சோறு நிம்மதியாகத் தின்ன முடியவில்லை.

மங்கல் சந்தனமாரியோடு ஜெராக்ஸ் கடைக்கும் போனது. ஆதார் அட்டையை ஜெராக்ஸ் எடுத்தால் முகமும் எண்ணும் கரைந்து சாம்பலாக விழுந்தது. மார்க் ஷீட்டுகள் எல்லாம் ஒரே மார்க் வாங்கின. கடைக்காரர் நல்லவர், ரெண்டு நாள் பொறுத்துப் பார்த்து, "அது போன பிறகு வாம்மா," என்று அனுப்பிவிட்டார். டவுன் பஸ்ஸில் அடுத்த வண்டியில் வரச் சொன்னார்கள். ஆபரேஷன் கெட்டுப்போன பெண் என்ற பேச்சு பக்கத்து ஊர்களுக்கும் போனது. தெருக்காரர்கள் என்னவோ மங்கல் இடம் மாறியதற்கு ஏற்ப ஒரு வீடு தள்ளிப் போய் மறைந்துகொண்டார்கள், அவ்வளவுதான் அவர்களுக்கு வித்தியாசம்.

செல்வி ஒருநாள் ஒரு தூக்குவாளியில் பாயசத்தை எடுத்துக்கொண்டு சந்தனமாரி வீட்டுக்குப் போனாள். சந்தனமாரிக்கு மங்கலுக்குள் எதுவும் தெரியவில்லை, கண்ணாடியும் உதவவில்லை. நிலையில் இடித்து முழங்காலெல்லாம் கன்றிப் போயிருந்தது. கையால் சுவரைத் தடவித் தடவி வந்து பாயசத்தை வாங்கினாள்.

"நீங்க ஏன்க்கா மூஞ்சிய இப்படி வச்சிருக்கீங்க?" என்றாள், மூஞ்சி தெரியாமலே. "கல்யாணம் முடியட்டும். அப்புறம் வந்து கூட்டிட்டுப் போயிருங்க. அதுவரைக்கும் இங்க கிடக்கட்டும். சோறா கேக்குது?"

"கூட்டிட்டுப் போயிருதேன்," என்றாள் செல்வி.

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது ராமலட்சுமி தலையில் அடித்துக்கொண்டாள். "சிவகிரிக்கா? மாமியா வீட்டுக்கு மங்கலை ஓட்டிக்கிட்டா போவ? அறிவு இருக்காட்டி உனக்கு? அது அங்கனயே கிடந்து பழகிரும்." செல்வி தூக்குவாளியைக் கழுவிக் கவிழ்த்தாள். அம்மா சொன்னபடிதான் நடக்கும் என்று, கூட்டிட்டுப் போயிருதேன் என்று சொன்னபோதே அவளுக்குத் தெரியும்.

கல்யாணம் கடம்பன்குளம் மண்டபத்தில், காலை முகூர்த்தம். வீடியோக்காரர் முந்தின நாளே வந்து, புகை மூட்டம் ஏதும் இருந்தால் படம் கெட்டுப்போகும் என்று சொல்லியிருந்தார். அதனால் ராமலட்சுமி சந்தனமாரியிடம் தன்மையாகத்தான் சொன்னாள்: வா, கட்டாயம் வா, ஆனால் கேட்டுக்கு வெளியே நில்லு, சாப்பாட்டை நான் கொடுத்து விடுகிறேன். சந்தனமாரியும் சரி என்றாள். மண்டப வாசலுக்கு வெளியே, வாழைமரம் கட்டின இடத்துக்குப் பக்கத்தில், விடிந்ததிலிருந்து வெள்ளையாக ஒரு குவியல் நின்றது. வந்தவர்கள் அதை ஒதுக்கிவிட்டு உள்ளே போனார்கள்.

மணவறை கேட்டுக்கு நேரே இருந்தது. செல்வி நிமிர்ந்தால் வாசல் தெரிந்தது, வாசலுக்கு வெளியே மங்கல் தெரிந்தது, மங்கலுக்குள் சந்தனமாரி தெரிந்தாள். மாம்பழ நிறத்தில் புதுச் சுடிதார். கனகாம்பரம். கையில் கலர் காகிதம் சுற்றிய பரிசுப் பெட்டி. கால் வலித்து இந்தக் காலை மாற்றி அந்தக் காலில் நின்றாள். மேளம் கெட்டியாக வாசிக்கும்போதெல்லாம் எந்தப் பக்கம் மணவறை என்று தெரியாமல், சத்தம் வந்த திசைக்குக் கழுத்தை நீட்டிச் சிரித்தாள். அவள் சிரித்த திசையில் சமையல்கட்டு இருந்தது. செல்வி தலையைக் குனிந்துகொண்டாள். தாலி ஏறும்போதும் நிமிரவில்லை. சிவகிரிக்காரர்கள் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு, "இப்படி ஒரு பொண்ணைப் பாத்ததுண்டா?" என்று பூரித்தார்கள். அவளுக்கு அந்தப் பாராட்டைக் கேட்கக் கேட்க, உடுத்தியிருந்த பட்டே உடம்பில் முள்ளாகக் குத்தியது.

அம்மி மிதித்தாயிற்று. அருந்ததி பார்க்க வேண்டும். பட்டப்பகலில் நட்சத்திரம் ஏது. ஆனால் ஐயர் கையைக் காட்டுவார், மாப்பிள்ளை தெரியுது என்பான், பெண் தெரியுது என்பாள், சுற்றி நிற்கிறவர்கள் சிரிப்பார்கள், தலைமுறை தலைமுறையாக யாரும் பார்க்காத அருந்ததியை எல்லோரும் பார்த்துக்கொண்டு வருகிறார்கள். பெண்ணையும் மாப்பிள்ளையையும் முற்றத்துக்குக் கூட்டி வந்து வடக்கே பார்க்க நிறுத்தினார்கள். கேட்டும் வடக்கேதான் இருந்தது.

"அதோ, அங்கே பாருங்கோ," என்று ஐயர் கையை நீட்டினார். "அருந்ததி தெரியறாளா?"

"தெரியுது சாமி," என்றான் சொர்ணராஜ். எல்லோரும் சிரித்தார்கள்.

"நீ பார்த்தியாம்மா? தெரியறதா?"

செல்வி நிமிர்ந்தாள். தெரியுது என்று ஒரு சொல் சொன்னால் போதும், உள்ளே போய்ப் பால் பழம் சாப்பிடலாம். வாய் திறந்தாள். சந்தனமாரி கண்ணாடியைக் கழற்றித் துப்பட்டா நுனியால் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒன்றும் தெரியாமல், மறுபடி கழற்றித் துடைத்தாள்.

"கேட்டுப் பக்கத்துல சந்தனமாரி நிக்கா சாமி," என்றாள் செல்வி.

ஐயருக்குப் புரியவில்லை. சிரிக்கலாமா என்று சிலர் யோசித்தார்கள். ராமலட்சுமியின் கை வந்து மகளின் கையை இறுக்கியது. சுப்புத்தாய் கண்ணைச் சுருக்கிக்கொண்டு கேட்டுப் பக்கம் பார்த்தாள்.

"அங்க வெறும் வெள்ளையால்ல இருக்கு. எங்களுக்கு ஒரு மண்ணும் தெரியல. உனக்கு மட்டும் எப்படித் தாயி தெரியுது?"

"பேசாம இருட்டி," என்றாள் ராமலட்சுமி பல்லுக்குள்.

"அது என் கண்ணுல இருந்ததுத்தை," என்றாள் செல்வி. பின்னால் நிற்கிறவர்களுக்கும் கேட்கிற மாதிரி மறுபடி சொன்னாள். "அது என்னுது. ஆபரேஷன் எனக்குத்தான். நான் சின்னதுலேருந்து சோடாப்புட்டி. நீங்க பாக்க வந்த அன்னிக்கு எனக்கு ஒண்ணுமே தெரியல. அதான் நிமிரல. அடக்கமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. அந்தப் பிள்ளைக்கு ஒரு ஆபரேஷனும் ஆகல. எங்களுக்காகப் பொய் சொல்லிட்டு அது தெருவுல நிக்கி."

மங்கல் அசைந்தது. என்னுது என்று சொன்னவளை நோக்கி, வாழைமரத்தைத் தாண்டி, வாசல் கோலத்தைத் தாண்டி வந்து, முற்றத்தையும் மணவறையையும் பந்தியையும் ஒரே வெள்ளையாக்கியது. வீடியோக்காரர் ஐயோ என்றார். சிவகிரிக்காரர்கள் கோபமாகத்தான் எழுந்தார்கள்; ஏமாத்திட்டாக, கிளம்புங்க, கிளம்புங்க என்று ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு நடந்து, கேட்டைத் தேடிப் பந்திக்குப் போய், திரும்பவும் கேட்டைத் தேடித் திரும்பவும் பந்திக்கே வந்து சேர்ந்து, அலுத்துப்போய் இலை முன்னால் உட்கார்ந்துவிட்டார்கள். உட்கார்ந்தவர்களுக்குப் பரிமாறாமல் இருக்க முடியாது என்று சமையல்காரர்கள் தடவித் தடவிப் பரிமாறினார்கள். சாம்பார் விழ வேண்டிய இடத்தில் பாயசம் விழுந்தது. சுப்புத்தாய் அதன் பிறகு வெகுகாலம் மருமகளிடம் சரியாகப் பேசவில்லை என்பதும், மங்கலைச் சிவகிரி வீட்டுக் கொல்லையில் சேர்த்துக்கொள்ள சொர்ணராஜ் ஒருவன்தான் சம்மதித்தான் என்பதும் பின்னால் நடந்தவை. அந்த நேரத்தில் அவன் கோபமும் குழப்பமுமாக, மாலை கோணிப்போய், பெண் நிற்கிற பக்கம் என்று நினைத்து ஒரு தூணைப் பார்த்து நின்றுகொண்டிருந்தான். ராமலட்சுமி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். செல்விக்கு எல்லோர் முகமும் தெரிந்தது. யார் முகத்தையும் பார்க்க அவளுக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் பார்த்தாள்.

கேட்டுப் பக்கம் வெளிச்சமாகியிருந்தது. சந்தனமாரி பரிசுப் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு, கண்கூசி, அப்புறம் தானாகவே மறுபடி வெள்ளைக்குள் நுழைந்து, ஒரு கையை முன்னால் நீட்டித் துழாவிக்கொண்டு வந்தாள். செல்வி போய் அந்தக் கையைப் பிடித்தாள். வளையலையும் மருதாணியையும் தடவிப் பார்த்துச் சந்தனமாரி ஆளைக் கண்டுகொண்டாள்.

"அக்கா," என்றாள் சிரித்துக்கொண்டே. "எவ்வளவு நேரமா நிக்கேன் தெரியுமா, காலே விட்டுப்போச்சு. இப்பத்தான் பாத்தீங்களா?"

ஆமா என்று சொல்லியிருக்கலாம். அந்த வெள்ளைக்குள் செல்வியின் முகத்தைப் பார்க்க ஒருத்தருக்கும் கண் இல்லை.

"இல்லட்டி," என்றாள் செல்வி. "காலையிலேருந்தே பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்."